நாடோடிகளின் விளக்கு

ராத்திரி ரயில் பயணம் ஞாபகமிருக்கிறதா? இப்போது ஓடுகிற பளபளப்பான பெட்டிகளைச் சொல்லவில்லை. இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு முந்தைய செங்காவி நிறப் பெட்டிகள். ஏதோ ஒரு ஊருக்கு வெளியே, சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றுவிடும். கால் மணி, அரை மணி, முக்கால் மணி... அசையாது.

அப்போது பெட்டிக்குள் மெள்ள ஒரு மாறுதல் நடக்கும். தலைக்கு மேலே இருக்கிற ஃபேன் சோம்பல் முறிக்க ஆரம்பிக்கும். வெளிச்சம் மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, எதிர் சீட்டுக்காரர் முகம் மங்கலாகிவிடும். குழந்தைகள் சிணுங்கும். ‘என்ன சார் இது?’ என்று யாராவது கேட்டால், ஜன்னலோரப் பெரியவர் ஒருவர் சர்வ சாதாரணமாகச் சொல்வார்: ‘‘வண்டி ஓடினாத்தான் கரண்ட். நின்னா, இருக்கிறதை வெச்சு ஓட்டணும்!’’

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தப் பெட்டிகளுக்கு அடியில், சக்கரத்தின் அச்சோடு ஒரு பெல்ட் போட்டு, அதில் ஒரு டைனமோவை மாட்டியிருப்பார்கள். வண்டி ஓடும்போது அது கரண்ட் தயாரிக்கும். விளக்குக்குக் கொடுத்தது போக மிச்சம், அடியில் தொங்கும் பேட்டரிப் பெட்டிக்குப் போகும். வண்டி நின்றால் பெல்ட்டும் நிற்கும். அப்புறம் பேட்டரியில் சேர்த்துவைத்ததுதான் கதி.

ஓடும்போது சம்பாதி, நிற்கும்போது செலவு செய். இந்த ஒரு வரிக்குள் நூற்று அறுபது வருஷத்துச் சரித்திரம் ஒளிந்திருக்கிறது. அதில் கோடீஸ்வரர்கள் வருகிறார்கள், விஞ்ஞானிகள் வருகிறார்கள், கடைசியில் வீடிழந்த வயதானவர்களும் வருகிறார்கள்.

*

அமெரிக்காவில் ‘ஆர்.வி.’ என்று ஒரு சமாசாரம் உண்டு. சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. சிலதற்குச் சொந்த எஞ்சின் இருக்கும். சிலதைக் காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போவார்கள். பிடித்த இடத்தில் நிறுத்திக்கொண்டு குடித்தனம் நடத்தலாம்.

கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த வண்டி ஒரு பாலைவனத்திலோ காட்டோரத்திலோ பத்து நாள் நின்றால் என்னாகும்? நம் ரயில் பெட்டிக்கு ஆனதேதான். சிக்னல் கிடைக்காத ரயிலாவது ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடும். நிறுத்திய வீடு கிளம்பாது. விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், ஹீட்டர் ஃபேன் அத்தனைக்கும் ஒரு பெட்டிக்குள் அடங்கிய கரண்ட்டை அளந்து அளந்து செலவு செய்ய வேண்டும்.

அந்தப் பெட்டி எப்படி வந்தது?

1800-ல் இத்தாலியர் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா முதல் மின்கலத்தைச் செய்துவிட்டார். ஆனால் அதில் ஒரு குறை. தீர்ந்தால் தீர்ந்ததுதான். மறுபடி நிரப்ப முடியாது. தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு செய்ய வேண்டும்.

1859-ல் காஸ்தோன் ப்ளாந்தே என்ற பிரெஞ்சு இளைஞர் (வயது 25!) இரண்டு ஈயத் தகடுகளை எடுத்தார். ஒன்றையொன்று தொடாதபடி நடுவே ரப்பர் பட்டைகளை வைத்துப் பாய் சுருட்டுவது மாதிரிச் சுருட்டினார். நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கிக் கரண்ட் கொடுத்தார். கொடுத்த கரண்ட்டில் பெரும் பகுதியை அது பத்திரமாக வைத்திருந்து, கேட்டபோது திருப்பிக் கொடுத்தது. காலியானதும் மறுபடி நிரப்ப முடிந்தது. உங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற பெரிய பேட்டரிக்குக் கொள்ளுத் தாத்தா இதுதான்.

ஒரு வேடிக்கை. ப்ளாந்தே உண்டியலைக் கண்டுபிடித்துவிட்டார். போட்டுவைக்கக் காசு இல்லை! உபயோகமான டைனமோ எதுவும் அப்போது கிடையாது. பழைய மாதிரி மின்கலங்களை வரிசையாக அடுக்கி, அவற்றைக் கரைத்துத்தான் தன் பேட்டரியை நிரப்பினார். க்ராம் என்பவர் உருப்படியான டைனமோவைச் செய்து காட்டியது 1871-ல்தான்.

அதற்குப் பத்து வருஷம் கழித்து இன்னொரு பிரெஞ்சுக்காரர், கமீல் ஃபோர், ஈயத் தகட்டின் மேல் ஈய ஆக்ஸைடைக் குழைத்துப் பூசி, அதே தகட்டில் பல மடங்கு கரண்ட் தங்கும்படி செய்தார். 1881-ல் அவருடைய பேட்டரிகள் ஒரு மரப்பெட்டியில் பாரிஸிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வரை பயணம் செய்தன. 72 மணி நேரப் பிரயாணம். அங்கே காத்திருந்தவர் சாமான்யரில்லை; வில்லியம் தாம்ஸன். பிற்காலத்தில் லார்டு கெல்வின். அளந்து பார்த்தார். பெட்டிக்குள் பத்து லட்சம் ‘அடி-பவுண்டு’ சக்தி இருந்தது. அவருக்கு ஒரே பரவசம். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ‘மின்சாரத்தைப் பெட்டியில் கட்டி அனுப்புகிறார்கள்’ என்று லண்டனே பேசியது.

பத்து லட்சம் என்றதும் பிரமித்துவிடாதீர்கள். இன்றைய கணக்கில் அது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 60 வாட் சீலிங் ஃபேன் ஒன்றை ஆறு மணி நேரம் ஓட்டலாம். அவ்வளவே! ஆனால் எங்கேயோ தயாரான மின்சாரம் கம்பியே இல்லாமல் வேறொரு ஊருக்கு வந்து சேர்ந்ததே, அதுதான் அதிசயம்.

அதே 1881-ம் வருஷம் அக்டோபரில் லண்டனிலிருந்து பிரைட்டன் போகும் ரயிலில், ஒரு பெட்டிக்கு ஃபோர் பேட்டரிகளை வைத்து விளக்கு போட்டுக் காட்டினார்கள். ஓடும் வண்டியில் மின்விளக்கு! ஆனால், ஊர் போய்ச் சேர்ந்ததும் பேட்டரியை மறுபடி நிரப்பியாக வேண்டும். ‘சக்கரம்தான் சும்மா சுத்துதே, அதையே வேலை வாங்கினால் என்ன?’ என்று யோசித்தவர்கள் சீக்கிரமே டைனமோவை அச்சோடு இணைத்தார்கள். நம்ம ஊர் ரயில் பெட்டி வரை வந்து சேர்ந்த ஏற்பாடு அதுதான்.

*

காருக்கு பேட்டரி வந்தது விளக்குக்காக மட்டுமல்ல. அந்தக் காலத்துக் காரை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். இந்த அவஸ்தைக்கு முடிவு கட்டியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1912-ம் வருஷத்து மாடல் கேடிலாக் காரில் அவருடைய ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ வந்தது. கிளப்ப ஒரு மோட்டார், அதற்கு ஒரு பேட்டரி, அந்தப் பேட்டரியை நிரப்ப எஞ்சினோடு ஓடும் ஜெனரேட்டர். ஆக, ஒவ்வொரு காரும் ஒரு குட்டி மின்நிலையமாகிவிட்டது!

காரில் கரண்ட் இருந்தால் கூடாரத்திலும் விளக்கு எரியலாமே? அந்த ஆசையைப் பிரமாண்டமாக அனுபவித்தவர்கள் மூன்று பேர். விளக்கு மன்னர் தாமஸ் ஆல்வா எடிசன், கார் மன்னர் ஹென்றி ஃபோர்டு, டயர் மன்னர் ஹார்வி ஃபயர்ஸ்டோன். இவர்களோடு வெண்தாடி இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ். வருஷா வருஷம் கோடையில் பெரிய கார்களில் காட்டுப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? ‘நாடோடிகள்’!

நாடோடிகளின் பரிவாரம் இருக்கிறதே... சமையல்காரர்கள் தனி. சமையலுக்கென்றே அடுப்பும் ஐஸ்பெட்டியும் வைத்துக் கட்டிய ஒரு வண்டி தனி. நடுவில் சுழலும் தட்டு வைத்த பெரிய வட்ட மேஜை. 1921-ல் அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கே முகாமுக்கு வந்து இவர்களோடு தங்கினார். எடிசன் தன் கம்பெனி பேட்டரிகளைக் கொண்டுவந்து, கூடாரங்களுக்கு நடுவே ஒயர் இழுத்து பல்பு தொங்கவிட்டிருந்தார். நடுக்காட்டில் மின்விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து ராத்திரி வெகுநேரம் அரட்டை. பத்திரிகைகளுக்குச் சரியான தீனி.

கோடீஸ்வரர்கள் செய்தால் சாமான்யர்கள் சும்மா இருப்பார்களா? 1919-ல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில், ஒரு பூங்காவில் முகாம் போட்டிருந்த பயணிகள் சேர்ந்து ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று பெயர். தகர டப்பா உணவும் தகர டப்பா மாதிரியான ஃபோர்டு காரும்தான் இவர்கள் சொத்து. ரேடியேட்டர் மூடியில் ஒரு காலி தகர டப்பாவைப் பற்றவைத்திருந்தால் நம்ம ஆள் என்று அர்த்தம்.

இவர்களுக்கும் விளக்கு தேவைப்பட்டது, ரேடியோ தேவைப்பட்டது. கார் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தார்கள். ராத்திரி முழுக்கப் பாட்டுக் கேட்டுவிட்டுக் காலையில் காரைக் கிளப்பினால்... செல்ஃப் எடுக்காது! தள்ளு, தள்ளு, தள்ளு. வண்டியைக் கிளப்பவும் வீட்டை நடத்தவும் ஒரே பேட்டரி உதவாது என்ற பாடத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பலரும் தள்ளித் தள்ளித்தான் கற்றுக்கொண்டார்கள்.

காரணம் இருக்கிறது. காரைக் கிளப்பும் பேட்டரி நூறு மீட்டர் ஓட்டக்காரன். மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிகளுக்கு அசுர பலம் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். வீட்டை நடத்தும் பேட்டரி மாரத்தான்காரன். தகடுகள் தடிமன். நிதானமாக, மணிக்கணக்கில் கொடுக்கும். ஓட்டக்காரனை மாரத்தான் ஓடவிட்டால் சீக்கிரமே படுத்துவிடுவான். அதனால்தான் ஆர்.வி.களில் இரண்டும் தனித்தனி. ஒன்றின் செலவு மற்றதைத் தொடாதபடி நடுவே ஒரு தடுப்பு.

*

இதே சமயத்தில் அமெரிக்கக் கிராமங்களில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1935-ல் அங்கே பத்துப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய ஒன்பதுக்கு மின்கம்பி போய்ச் சேரவில்லை. அமெரிக்காவிலா என்று கேட்காதீர்கள், அமெரிக்காவில்தான்! வசதியிருந்த விவசாயிகள் அதே கெட்டரிங்கின் ‘டெல்கோ லைட்’டை வாங்கினார்கள். ஒரு பெட்ரோல் எஞ்சின், பதினாறு கண்ணாடி ஜாடிகளில் பேட்டரி, 32 வோல்ட். வசதி குறைந்தவர்கள் ‘வின்சார்ஜர்’ என்ற குட்டிக் காற்றாலையைக் கூரைமேல் நட்டு, ரேடியோ பேட்டரியை நிரப்பிக்கொண்டார்கள்.

அந்த வீடுகளில் எல்லோருக்கும் கணக்கு தெரியும். காற்று இல்லாத வாரத்தில் ரேடியோவை எதற்குப் போடலாம், எதற்குப் போடக்கூடாது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

பிறகு ரூஸ்வெல்ட் அரசாங்கம் கிராமங்களுக்குக் கம்பி இழுத்தது. ஸ்விட்சைப் போட்டால் போதும், வந்துகொண்டே இருக்கிறது. ஜாடிகள் பரணுக்குப் போயின. காற்றாலைகள் துருப்பிடித்தன. கணக்கும் மறந்துபோயிற்று. எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? கம்பி என்பது, கணக்குப் பார்க்கிற வேலையை நம் தலையிலிருந்து எடுத்து எங்கோ தூரத்தில் இருக்கிற மின்நிலையத்தின் தலையில் வைத்துவிடுகிற ஏற்பாடு.

சக்கர வீட்டுக்காரர்களும் அப்படித்தான் மாறினார்கள். 1936-ல் வாலி பியாம் என்பவர், ஆகாய விமானம் மாதிரி அலுமினியத்தில் மினுமினுக்கும் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாலு பேர் படுக்கலாம், சொந்தத் தண்ணீர்த் தொட்டி, மின்விளக்கு, விலை 1,200 டாலர். 1959-ல் நாற்பத்தொரு வண்டிகளைச் சேர்த்துக்கொண்டு கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே கிளம்பிய ஆசாமி இவர். ஆனால் இவர் வண்டியை வாங்கிய பெரும்பாலானோர் ஆப்பிரிக்கா போகவில்லை. வாடகை கொடுத்து ‘டிரெய்லர் பார்க்’கில் நிறுத்தினார்கள். அங்கே கம்பத்தில் பிளக்கைச் சொருகினால் டி.வி., ஏ.ஸி. எல்லாம் ஓடும்.

பிளக் இல்லாத இடத்தில் போய் நிறுத்துவதற்கு அவர்கள் பாஷையில் ‘பூன்டாக்கிங்’ என்று பெயர். பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் ‘பூன்டோக்’ என்றால் மலை. அங்கே சண்டைக்குப் போன அமெரிக்க சிப்பாய்கள் ஊருக்கு அப்பால் இருக்கும் காடுமேட்டுக்கெல்லாம் அந்த வார்த்தையைக் கொண்டுவந்துவிட்டார்கள். பூன்டாக்கிங் போகிறவர்கள் மறந்துபோன அந்தப் பண்ணைக் கணக்கை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

*

என்ன கணக்கு? நாமும் ஒரு ராத்திரி போட்டுப் பார்க்கலாம்.

12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி ஒன்று. பெருக்கினால் 1,200 வாட்-அவர். ஒரு யூனிட்டைவிடச் சற்று அதிகம். ‘பரவாயில்லையே’ என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். அதில் பாதிக்கு மேல் கை வைக்கக்கூடாது. ஒவ்வொரு தடவையும் அடிமட்டம் வரை உறிஞ்சினால் ஈய பேட்டரியின் ஆயுசு சட்டென்று குறைந்துவிடும். ஆக, கையில் இருப்பது 600.

எல்.இ.டி. விளக்குகள் அற்ப சொற்பம். ஐந்து வாட் விளக்கு நாலு மணி நேரம் எரிந்தால் இருபது. செல்போனுக்குப் பதினைந்து. தப்பித்தோம் என்று பார்த்தால் ஹீட்டர் வருகிறது. அது கேஸில் எரிந்தாலும் சூட்டை உள்ளே தள்ள ஒரு ஃபேன் வேண்டுமே? குளிர் ராத்திரியில் அந்த ஃபேன் விட்டுவிட்டு ஓடி, மொத்தம் ஐந்து மணி நேரமானால் 450. பேட்டரி ஃபிரிட்ஜ் என்றால் ஒரு நாளைக்கு இன்னொரு 500. முடிந்தது கதை. விடியும் முன்பே கடன்!

இதில் இன்னொரு சூட்சுமம். 1897-லேயே பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். ஈய பேட்டரியிலிருந்து எவ்வளவு அவசரமாக எடுக்கிறோமோ, மொத்தத்தில் அவ்வளவு குறைவாகத்தான் கிடைக்கும். மெதுவாகக் கேட்டால் நூறு தருகிற ஆள், அவசரப்படுத்தினால் அறுபதோடு கையை விரித்துவிடுவார். மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டதும் மீட்டர் முள் மயக்கம் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, காலி செய்தாயிற்று. நிரப்புவது? ‘அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிடு, நிரம்பிடும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். நிரம்பாது. ஈய பேட்டரியின் வயிறு ஒரு தினுசு. பசியாக இருக்கும்போது வேகமாகச் சாப்பிடும். எண்பது சதவிகிதம் ஆனதும் ‘போதும், போதும்’ என்று அடம்பிடிக்க ஆரம்பிக்கும். மிச்சம் இருபதை ஊட்ட மணிக்கணக்கில் பொறுமை வேண்டும். அதனால் நல்ல சார்ஜர்கள் மூன்று கட்டமாக வேலை பார்க்கின்றன. முதலில் முழு வேகம். பிறகு சுமார் 14.4 வோல்ட்டில் நிறுத்தி, மெள்ள மெள்ள ஊட்டல். கடைசியாக 13.5 வோல்ட் அளவில் சும்மா ஒரு தாங்கல்.

அரை வயிறாகவே விட்டுவிட்டால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுப் படிகமாகும். அது படிந்த இடத்தில் அப்புறம் கரண்ட் ஏறாது. பல பேட்டரிகள் உழைத்துச் சாவதில்லை. பட்டினி கிடந்துதான் சாகின்றன.

இதையெல்லாம் அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட முடியுமா? 2012 ஞாபகமிருக்கிறதல்லவா? சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கிடையாது. ‘ரெண்டு ஃபேன், ரெண்டு லைட்டு, டி.வி. போடாதே!’ என்று இன்வெர்ட்டர் வைத்திருந்த வீட்டிலெல்லாம் அம்மாக்கள் மின்வாரிய என்ஜினீயர்களாக மாறியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் கரண்ட் வந்து மறுபடி போனால் பேட்டரி அரை வயிறுதான். ஒரே வருஷத்தில் பேட்டரி போச்சு என்று புலம்பியவர்களுக்கு, ஏன் போச்சு என்று இப்போது புரிந்திருக்கும். நம் வீடுகளும் அந்தச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்த ஆர்.வி.களாகத்தான் இருந்தன.

*

நிற்கிற வண்டிக்கும் சம்பாத்தியம் உண்டு என்ற புது வழி 1954-ல் பிறந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூன்று பேர் சிலிக்கான் தகட்டில் வெயிலைக் கரண்ட்டாக்கிக் காட்டினார்கள். விழுந்த வெயிலில் சுமார் ஆறு சதவிகிதம்தான் கரண்ட்டானது. ஒரு பொம்மை ராட்டினத்தை ஓட்டிக் காட்டினார்கள். விலையோ யானை விலை, குதிரை விலை. 1958-ல் வான்கார்டு என்ற செயற்கைக்கோளுக்குப் போயிற்று. வீட்டுக்கு வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் கலிஃபோர்னியாவின் மலைப்பக்கம் கம்பி எட்டாத இடங்களில் குடியேறிய இளைஞர்களும், ஆர்.வி.காரர்களும்தான் இதைச் சாதாரண மனிதர்களின் சாமானாக்கினார்கள். அதுவரை கார் பேட்டரியில் விளக்கேற்றி, காரை ஓட்டி நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். ஓடினால்தான் சம்பாத்தியம் என்ற பழைய விதி அங்கே உடைந்தது. கூரைமேல் பலகையை வைத்துவிட்டுச் சும்மா நின்றாலும் கணக்கில் வரவு!

2010-களில் பலகையின் விலை ஒரு வாட் ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. ஈயத்துக்குப் பதில் லித்தியம் வந்தது. 1990-களில் ஜான் குடினஃப் குழுவினர் உருவாக்கிய லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் வகைதான் இன்று ஆர்.வி.களில் பிரபலம். (லித்தியம் அயான் பேட்டரிகளுக்காக 2019-ல் நோபல் வாங்கியபோது குடினஃபுக்கு வயது 97!) எடை பாதிக்கும் குறைவு. பாதிக்கு மேல் உறிஞ்சினாலும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் இதற்கும் ஒரு வீம்பு உண்டு. உறைபனிக் குளிரில், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளுக்குள் பாழாகிவிடும். ராத்திரி குளிருக்குக் கரண்ட் தேவை; காலையில் அந்தக் குளிரே கரண்ட்டை உள்ளே விடாது.

*

இத்தனை கணக்கும் இன்று யார் கையில் இருக்கிறது?

அரிஸோனா பாலைவனத்தில் க்வார்ட்ஸைட் என்று ஒரு ஊர். நிரந்தரக் குடிமக்கள் சுமார் 2,400 பேர். குளிர்காலத்தில் சுற்றிலும் லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து போகிறார்கள். ஊரை ஒட்டிய அரசாங்க நிலத்தில் 1983 முதல் ‘நீண்டகாலத் தங்கல்’ ஏற்பாடு. செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை ஏழு மாதம் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். பல வருஷங்களாகக் கட்டணம் 180 டாலர். நின்ற இடத்தில் தண்ணீர்க் குழாய் இல்லை, பிளக் இல்லை. வெயில் மட்டும் உண்டு.

அங்கே வருகிறவர்களில் பாதி உலகம் சுற்றும் ஜாலிப் பேர்வழிகள். எல்லோரும் அப்படியில்லை. 2008-ல் அமெரிக்க வீட்டுக்கடன் கோபுரம் சரிந்தபோது வீட்டையும் சேமிப்பையும் தொலைத்த அறுபது, எழுபது வயதுக்காரர்கள் பலர் வேன்களுக்குக் குடிபோனார்கள். ஜெஸிகா ப்ரூடர் என்ற பத்திரிகையாளர் அவர்களோடு சுற்றி 2017-ல் ‘நோமேட்லேண்ட்’ என்ற புத்தகம் எழுதினார். க்ளோயி ஸாவ் இயக்கத்தில் 2020-ல் அது படமாகி, மறு வருஷம் ஆஸ்கரும் வாங்கியது. புத்தகத்தின் பெயருக்கு அர்த்தம் ‘நாடோடி தேசம்’. எடிசனும் ஃபோர்டும் விளையாட்டாகச் சூட்டிக்கொண்ட பட்டம் இவர்களுக்கு நிஜமாகவே வந்து ஒட்டிக்கொண்டது.

இவர்களுக்கு பேட்டரிக் கணக்கு பொழுதுபோக்கு இல்லை. தூக்கத்தில் மூச்சு தடைபடும் வியாதி உள்ளவர்கள் ‘சிபேப்’ என்ற காற்று மெஷினை மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். அது ஒரு ராத்திரிக்கு 240 வாட்-அவரும் கேட்கலாம். ஈரப்பதச் சூடேற்றியும் சேர்ந்தால் இரட்டிப்பாகும். மேகம் மூடிய நாளில், ஹீட்டரா மெஷினா என்று முடிவு செய்ய வேண்டும். கம்பியில் பிளக் சொருகித் தூங்குகிற நமக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். சத்தம், பெட்ரோல் செலவு ஒருபுறம். பல முகாம்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓட்டக்கூடாது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பக்கத்திலேயே ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியவர்களில் சிலர் எழுந்திருக்கவே இல்லை. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

அதனால் அங்கே பழசானவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். பலகையை வெயிலுக்கு எப்படிச் சாய்ப்பது, ஒயர் ஏன் தடிமனாக இருக்க வேண்டும், மீட்டர் 12.6 காட்டினால் ஈய பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2-க்கு வந்தால் பாதி முடிந்தது, 12-க்குக் கீழே போனால் ஆபத்து. காற்றாலைக் காலத்துப் பண்ணைக் குழந்தைகள் தெரிந்துவைத்திருந்த கணக்கு, எண்பது வருஷம் கழித்துப் பாட்டிகளுக்குத் திரும்ப வந்திருக்கிறது.

க்வார்ட்ஸைட்டின் சுடுகாட்டில் பிரமிடு வடிவத்தில் ஒரு சமாதி. உச்சியில் ஒட்டகப் பொம்மை. உள்ளே தூங்குகிறவர் ஹாஜி அலி. 1856-ல் அமெரிக்க ராணுவம், பாலைவனத்தில் மூட்டை சுமக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றோடு வந்த ஒட்டகக்காரர். வாயில் நுழையாத பெயரை அமெரிக்கர்கள் ‘ஹை ஜாலி’ ஆக்கிவிட்டார்கள். ராணுவம் திட்டத்தைக் கைவிட்டது. ஹாஜி அலி ஊர் திரும்பவில்லை. 1902-ல் அங்கேயே காலமானார்.

சேர்த்துவைத்ததைக் கொண்டு பாலைவனத்தைக் கடப்பது எப்படி என்று அந்த மனிதருக்குத் தெரியும். திமில் எவ்வளவு தொங்கினால் ஒட்டகம் படுத்துவிடும் என்பது அவர் தொழில். இன்று அவர் சமாதியைச் சுற்றி நிற்கிற வண்டிகளில், சூரியன் இறங்கும் நேரத்தில் ஒவ்வொருவராக மீட்டரைக் குனிந்து பார்க்கிறார்கள்.

எடிசன் காட்டில் ஏற்றிய விளக்கும் பேட்டரியில்தான் எரிந்தது. இவர்கள் ஏற்றும் விளக்கும் பேட்டரியில்தான் எரிகிறது. எடிசனின் விளக்கு அணைந்திருந்தால், மறுநாள் காரைக் கிளப்பிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.